இரு கட்சியாரும் அழைத்த சாட்சி

வழக்காடு மன்றத்திலே வாதிக்கு ஒரு சாட்சியும் பிரதிவாதிக்கு வேறொரு சாட்சியும் தோன்றுதல் இயல்பு. ஒரே சாட்சியை இரு கட்சியாரும் தத்தமக்கென அழைத்து, அவன் வாய்மொழியில் தமக்கு வேண்டிய பாதியை மாத்திரம் எழுதிக்கொண்டு மற்றைப் பாதியை விட்டுவிடுவாராயின் அவ்வழக்கை என்னென்பது! மக்கட்பெருக்கம், சூழற்கேடு, காலநிலை மாற்றம் என்னும் இவைபற்றி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக உலகில் நடந்துவரும் பெருவழக்கில் அங்ஙனம் மீட்டும் மீட்டும் அழைக்கப்பட்ட சாட்சி நம் இலங்கைத் தீவு. இதனை நம்மவருள் அறிந்தார் சிலரே.

சென்ற தவணையில் எம் கல்லூரி மேல்வகுப்பு மாணாக்கர் விவாத அரங்கொன்றுக்கு ஆயத்தஞ் செய்தனர். ‘சூழற்கேட்டுக்கு மூலகாரணம் மக்கட்பெருக்கமே’ என்பது அவர்க்கு வகுக்கப்பட்ட பொருள். உடன்பட்டுப் பேச வந்த மாணவன் ஒருவன், வறிய நாட்டு மாந்தர் கணக்கின்றிப் பிள்ளை பெறுதலாலேயே பூமி வெப்பமடைகின்றது என்று முழங்கினான். (அவன் தன் பெற்றோர்க்கு ஐந்தாம் பிள்ளை. அவ்வேளை அதனை அவன் நினைந்திலன் போலும்.) மறுத்துப் பேசிய மாணவியோ, உலகம் அழியுமென்று இதுகாறும் சொன்னோர் அனைவரும் பொய்த்தொழிந்தனர், ஆதலின் காலநிலை பற்றி இன்று சொல்வோரும் பொய்ப்பர் என்றாள். இருவரும் இலங்கையையே எடுத்துக்காட்டினர். ஒத்திகை கேட்டிருந்த ஆசிரியர் இருவரையும் பாராட்டினர். எனக்கு இரண்டு பேச்சும் ஒவ்வவில்லை.

நன்னூலார் நூலாசிரியர்க்குரிய மதங்கள் ஏழென வகுத்தார். உடன்படுதலும் மறுத்தலும் அவற்றுள் முதலிரண்டு. நம் மேடைகளில் இவ்விரண்டும் நீங்க ஏனை ஐந்துக்கும் இடமில்லாது போயிற்று. மாறுபட்ட இருவர் கொள்கைகளை ஆராய்ந்து ஒன்றைத் துணிதலும் ஒரு மதமென அவ்வாசிரியர் கூறியதை மாணாக்கர் மனனஞ் செய்கின்றனர், கைக்கொள்கின்றாரில்லை. அவரை நோதலும் முறையன்று. கண்டனமும், கண்டனத்துக்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்புமாக அச்சியந்திரங்களை ஓயவிடாத யாழ்ப்பாணத்துப் புலவர் பரம்பரையில் வந்தவர் யாம். ஆயினும் இப்பொருளில் வெற்றி தோல்வியைப் பார்க்கிலும் கருதற்குரியது வேறு உண்டு. பிறந்த பிள்ளையைப் பிழையெனச் சொல்லும் ஒரு கல்வியும், வரும் இடரைக் காணாதே கண்மூடும் ஒரு கல்வியும் நம் பிள்ளைகட்கு ஏறிவிடலாகாது. அதுபற்றியே இக்கட்டுரை எழுத முற்பட்டேன்.

வழக்கின் மூலம் இங்கிலாந்திலே தோன்றியது. தோமஸ் மல்தஸ் என்பார் 1798ஆம் ஆண்டு தம் பெயர் குறியாது ஒரு சிறு நூல் வெளியிட்டார். மக்கட்டொகை பெருக்கல் முறையில் வளரும், உணவோ கூட்டல் முறையிலேயே வளரும், இடைவெளியைப் பஞ்சமும் பிணியும் போரும் நிரப்பும் என்பது அவர் கோட்பாடு. அக்காலத்தில் உலக மக்கள் நூறு கோடிக்குக் குறைந்தவர். 2022ஆம் ஆண்டு நவம்பரில் அத்தொகை எண்ணூறு கோடியை எட்டியதென ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. மல்தசின் கணக்கு இத்தகைய வளர்ச்சிக்கு இடந்தரவில்லை. ஆயினும் அவர் கொள்கை மடியவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் புத்தாடை புனைந்து வந்துகொண்டேயிருந்தது.

அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்த உயிரியற் பேராசிரியர் போல் ஏர்லிக் 1968ஆம் ஆண்டில் ‘மக்கட்டொகைக் குண்டு’ என்னும் நூலை வெளியிட்டார். மனைவியார் ஆன் என்பாரும் உடனிருந்து எழுதியும், பதிப்பாளர் ஒருவர் பெயரே போதுமென அட்டையில் அவர் பெயரை விடுத்தனர் என்பர். உலகுக்கு உணவூட்டும் போரில் மனிதகுலம் தோற்றுவிட்டது, 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர், இனி எவராலும் அதனைத் தடுத்தல் இயலாது என்பதே அந்நூலின் தொடக்கம். டில்லி மாநகரில் ஓர் இரவு வாடகை வண்டியிற் செல்கையில் தெருவெங்கும் மொய்த்த மக்களைக் கண்டு தாம் அஞ்சியதை அவர் முதல் அதிகாரத்திலே வருணிப்பர். அந்நாளில் பாரிஸ் மாநகரின் மக்கட்டொகை டில்லியினும் மிக்கது. பாரிஸ் தெருக்களிற் கூட்டத்தைக் கண்டு எவரும் அஞ்சிப் புத்தகம் எழுதியதாக யான் அறியேன்.

அந்நூலில் இலங்கை சில வரிகளில் வருகின்றது. டீ.டீ.ரீ. என்னும் மருந்தால் நுளம்பு ஒழிந்து, மலேரியாக் காய்ச்சல் நீங்கி, இறப்பு வீதம் மளமளவென வீழ்ந்தமையும், பிறப்பு வீதம் அங்ஙனம் வீழாமையும் மக்கட்பெருக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டன. எண்கள் பிழையல்ல. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய இருபதாக இருந்த இறப்பு வீதம் மறுவருடமே பதினான்கு அளவுக்கு இறங்கியது, 1954இல் பத்தளவாயிற்று. பிறந்த பிள்ளை சராசரி எத்துணை ஆண்டு வாழும் என்னும் கணக்கு, அவ்வெட்டாண்டில் நாற்பத்துமூன்று அளவிலிருந்து அறுபது அளவாக உயர்ந்தது. இத்துணை விரைவான மாற்றத்தைப் பிற நாட்டு வரலாறுகளிற் காண்பது அரிது. மருந்து தெளித்தமை ஒன்றே அதற்குக் காரணமா, உணவு விநியோகமும் வைத்தியசாலைகளும் பங்காற்றினவா என்று அறிஞர் 1960களில் நெடிது வாதாடினர். நம் நாட்டவரான மீகம என்னும் ஆய்வாளரும் அவ்வாதத்திற் கலந்துகொண்டார். பல காரணம் கூடியே அப்பயன் விளைந்தது என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது.

ஏர்லிக் எண்களாகக் கண்டது நம்மவர்க்கு எத்தகையது என்பதைச் சிறிது சொல்லல் வேண்டும். 1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணலிடையே குட்டை குட்டையாக நீர் தேங்கிற்று. நம் நாட்டில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு சாக்கடையில் வளர்வதன்று. இத்தகைய தெளிந்த குட்டை நீரையே விரும்பி முட்டையிடும். கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலே தொடங்கிய காய்ச்சல் 1935ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை நின்று ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வன்னியிலோ அதற்குப் பருவமுமில்லை, ஆண்டுமில்லை. குளங்களை அடுத்த ஊர்களில் காய்ச்சற்கட்டி விழாத வயிறுடைய பிள்ளையைக் காண்டல் அரிதென்பர். அப்பாச்சி என்று யாம் அழைத்த என் தந்தையின் தாயார் எட்டுப் பிள்ளை பெற்றார்; எஞ்சினோர் மூவர். ஏனை ஐவர் பெயரையும் அவர் முறைமாறாது சொல்வர். மருந்தடிப்போர் வந்து வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளை படியத் தெளித்துச் சென்றபின் பிறந்த பிள்ளை ஒன்றையேனும் தாம் புதைக்கவில்லை என்பது அவர் கூற்று. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் எண்ணப்பட்ட ஒரு கோடியே இருபத்தாறு இலட்சத்துச் சொச்சம் பேருள் கைக்குழந்தையாக யானும் ஒருவன். மேனாட்டு நூல்களில் ‘பெருக்கம்’ என்று எழுதப்பட்டதில் என் பங்கும் உண்டு. அதனை ஒரு குண்டின் துகளென்று ஒப்புக்கொள்ள என்னால் ஆகாது.

நிற்க. அக்குண்டு வெடித்ததா? பஞ்சங்கள் வந்தன, 1974இல் வங்காளதேசமும் 1980களில் எத்தியோப்பியாவும் கொடிய பசியைக் கண்டன. ஆயினும் ஏர்லிக் கூறிய அளவிலான பேரழிவு நிகழவில்லை. மெக்சிக்கோவில் நோர்மன் போர்லோக் உருவாக்கிய குட்டைக் கோதுமை இனங்கள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பரவி, 1960களின் நடுவில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மில்லியன் தொன் அளவினதாயிருந்த இந்தியக் கோதுமை விளைவை 1970இல் இருபது மில்லியன் தொன்னாக்கின. போர்லோக்குக்கு 1970இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இவரை ஏர்லிக்கின் எதிர்க்கட்சியார் தம் தலைவராகக் கொண்டாடுவர். அவரோ பரிசு பெற்ற உரையிலேயே, இவ்வெற்றி ஓர் இடைக்கால மூச்சுவிடலே, மக்கட்பெருக்கம் அடங்காதாயின் நில்லாது என்று கூறினார். கொண்டாடுவோர் அவ்வுரையை முற்றும் படிப்பதில்லை.

இலங்கையின் கதை அதனினும் வியப்பானது. 1946க்கும் 1953க்கும் இடையில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2.8 வீதம் பெருகிய இந்நாட்டுச் சனத்தொகை, 2012க்கும் 2024க்கும் இடையில் நூற்றுக்கு அரை வீதமே பெருகியது. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாம் இரண்டு கோடியே பதினேழு இலட்சத்துச் சொச்சம் பேர். 1950களில் ஒரு தாய்க்குச் சராசரி ஐந்துக்கு மேலாயிருந்த பிள்ளைகள் நூற்றாண்டின் முடிவில் இரண்டையொட்டி வந்தனர். பட்டினி இதனைச் செய்யவில்லை. கொடுஞ் சட்டமும் செய்யவில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வியால் பெண்பிள்ளைகள் வகுப்பறைகளில் நிரம்பினர். 1953இல் ஏறத்தாழ இருபத்தொன்றாயிருந்த பெண்களின் சராசரித் திருமண வயது 1981இல் இருபத்துநான்கைத் தாண்டியது. ஊர்தோறும் மருத்துவ மாதர் சென்றனர். 1953இல் குடும்பத்திட்டச் சங்கம் தோன்றிற்று. 1960களில் அரசினர் தாய்சேய் நலப்பணியோடு அதனைச் சேர்த்தனர். இவையெல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று நிகழல் வேண்டும்: பெற்ற பிள்ளை பிழைக்கும் என்னும் நம்பிக்கை தாய்க்கு வரல் வேண்டும். எட்டுப் பெற்று மூன்றை வளர்த்த அப்பாச்சியின் மருமகள், என் தாயார், நால்வரைப் பெற்று நால்வரையும் வளர்த்தார். என் மனைவி பெற்றது இருவர். இறப்பு வீழ்ந்ததை ஆபத்தென்று எழுதியவர், அவ்வீழ்ச்சியே பிறப்பும் வீழ்தற்கு வாயிலாயிற்று என்பதை அன்று கண்டிலர். இன்று வட மாகாணத்திற் பிள்ளைகள் போதாமையால் மூடிக்கிடக்கும் பாடசாலைகளைக் காண்கின்றோம். போரும் புலம்பெயர்வும் அதற்குப் பெருங்காரணம். ஆயினும் தெற்கிலும் சிறு பாடசாலைகள் வெறுமையாகின்றன.

இனி, புகழ்பெற்ற அப்பந்தயத்துக்கு வருவோம். இலினோய் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த ஜூலியன் சைமன் என்பார், மனிதன் வாயொன்றோடு பிறக்கின்றான், அறிவொன்றோடும் பிறக்கின்றான், ஆதலின் மக்கள் பெருகப் பெருக வளங்கள் அருகுவதில்லை என்னும் கொள்கையினர். 1980இல் அவர் ஏர்லிக்கைப் பந்தயத்துக்கழைத்தார். எந்த மூலப்பொருளையேனும் தெரிந்துகொள்க, பத்தாண்டிற் பணவீக்கம் நீக்கி அதன் விலை ஏறுமாயின் யான் தருவேன், இறங்குமாயின் நீர் தருக என்றார். ஏர்லிக்கும் அவர் நண்பர் ஜோன் ஹோல்ட்ரன், ஜோன் ஹார்ட் என்பாரும் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், தங்குதன் என்னும் ஐந்தைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் 200 டொலராக 1,000 டொலர் பந்தயம் வைத்தனர். 1980 செத்தெம்பர் 29 தொடங்கி 1990 செத்தெம்பர் 29 வரை தவணை. அப்பத்தாண்டில் உலக மக்கள் எண்பது கோடிக்கு மேற் பெருகினர். ஐந்து உலோகத்தின் விலையும் பணவீக்கம் நீக்கிப் பார்க்கையில் இறங்கின. 1990 ஒக்தோபரில் சைமனின் வீட்டுக்கு 576 டொலர் 7 சதத்துக்கு ஒரு காசோலை வந்து சேர்ந்தது. உடன் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. கடிதம் ஏதும் இல்லை.

எம் மாணவி இக்கதையை நன்கு சொன்னாள். அவள் சொல்லாது விட்டவற்றையும் சொல்லுதல் ஆசிரியன் கடன். விலை இறங்கியமைக்கு மனித அறிவு ஒரு காரணமென்பது மெய்; தொலைபேசித் தொடர்புக்குச் செப்புக் கம்பி இருந்த இடத்தில் கண்ணாடியிழை வந்தது. வெள்ளீயத்தின் கதை வேறு: அதன் விலையைத் தாங்கி நின்ற சர்வதேசச் சபை 1985இல் பணமின்றி முறிந்தது, விலையும் முறிந்தது. பந்தயம் தொடங்கிய 1980ஆம் ஆண்டோ விலைகள் உச்சத்தில் நின்ற காலம். பிற்காலப் பொருளியலார் 1900 முதற்கொண்டு ஒவ்வோர் ஆண்டையும் தொடக்கமாக வைத்து இதே பந்தயத்தைக் கணக்கிட்டு, பாதிக்கு மேற்பட்ட தவணைகளில் ஏர்லிக்கே வென்றிருப்பர் என்று கண்டனர். 1995இல் ஏர்லிக்கும் காலநிலை அறிஞர் ஸ்ரீபன் ஷினைடரும் பதினைந்து அளவைகளைக் குறித்து இரண்டாம் பந்தயத்துக்கழைத்தனர். புவியின் வெப்பநிலையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் அவற்றுட் சில. சைமன் இணங்கவில்லை, மனிதரின் நலத்தை நேரே அளப்பனவற்றுக்கே தாம் பந்தயம் வைப்பதாகக் கூறினார். அவர் 1998இற் காலமானார். வெப்பநிலையும் காபனீரொட்சைட்டும் ஏறியே வந்துள்ளன.

இரண்டாம் முறை இலங்கை சாட்சிக்கழைக்கப்பட்டது எதிர்க்கட்சியாரால். ராச்சேல் கார்சன் அம்மையார் 1962இல் ‘மௌன வசந்தம்’ என்னும் நூலை எழுதி, டீ.டீ.ரீ. முதலிய நஞ்சுகளை வரைவின்றித் தூவுதலால் பறவையும் மீனும் மடிவதைக் காட்டினார். இரண்டாண்டில் நோயால் இறந்தார். பல்லாண்டு கழித்து, அந்நூலுக்கஞ்சி இலங்கை டீ.டீ.ரீ.யைக் கைவிட்டது, அதனால் மலேரியா மீண்டது, அக்காய்ச்சலில் துன்புற்றோர் பழியெல்லாம் கார்சனைச் சாரும் என்று மேனாட்டில் ஒரு பேச்சு எழுந்தது. நூல்களிலும் பத்திரிகைகளிலும் அது பரவியது. மைக்கேல் கிரைற்றன் என்னும் பிரசித்த நாவலாசிரியர் 2004இல் காலநிலை எச்சரிக்கைகளை எள்ளி எழுதிய ‘ஸ்ரேட் ஒவ் ஃபியர்’ என்னும் நாவலிலும் டீ.டீ.ரீ. தடை பெருங்கொலையெனப் பழிக்கப்பட்டது. ஒரு பழைய எச்சரிக்கையைக் கொலையாக்கிக் காட்டின், புதிய எச்சரிக்கையும் அவ்வினத்ததென நம்பவைத்தல் எளிதன்றோ!

நிகழ்ந்தது யாது? 1963ஆம் ஆண்டில் இத்தீவு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் பதினெழுவர். நோய் அவ்வளவுக்கு அருகிய நிலையில் தெளிப்பை நிறுத்திக் கண்காணிப்பில் இறங்குதல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒழிப்புத் திட்டத்தின் அடுத்த படி. அவ்வாறே 1964 அளவில் தெளிப்பு நின்றது. செலவு மிச்சமென்னும் எண்ணமும் உடன் இருந்தது. கண்காணிப்புத் தளர்ந்தது. மழை பொய்த்தது, ஆற்றுக் குட்டைகள் மீண்டும் தேங்கின. 1969இல் நோயாளர் ஐந்து இலட்சத்துக்கு மேலாயினர். உடனே இலங்கை டீ.டீ.ரீ. தெளிப்பை மீளத் தொடங்கியது. தடுத்தார் எவருமில்லை, அமெரிக்கா தன் நாட்டு வயல்களுக்கு அதனை விலக்கியதே 1972இலே தான். ஆயின் நுளம்பு அம்மருந்துக்குப் பழகிவிட்டது. 1970களின் நடுவிலிருந்து மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. வரைவின்றித் தெளிப்பின் பூச்சிகள் மருந்தை வெல்லும், பின்னர் நோய் தடுக்கவும் அது உதவாது என்று கார்சன் அந்நூலிலேயே எச்சரித்திருந்தார். அவரைக் குற்றவாளியாக்க அழைத்த சாட்சி, முழுவதும் கேட்டால், அவர் பக்கமே பேசுகின்றது. அமெரிக்க வரலாற்றாசிரியர் நவோமி ஒரெஸ்கேசும் எரிக் கொன்வேயும் 2010இல் எழுதிய நூலொன்றில், புகையிலை முதல் புவிவெப்பம் வரை ஐயத்தை விதைத்த சிலரின் செய்கைகளை ஆராய்ந்தபோது, கார்சன் மீதான இப்பழிக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினர்.

இவ்வளவும் கூறி, எச்சரிப்போர் கட்சியே எஞ்ஞான்றும் நேரியது என்பேனாயின் மூன்றாம் சாட்சியத்தை யான் மறைத்தவனாவேன். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உரமும் பீடைகொல்லியும் இறக்குமதி செய்வதை ஒரே நாளில் தடுத்தது. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாப் பக்கத்திலும் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய்பற்றிய அச்சம் அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. அந்நோயின் காரணம் இன்றும் முடிவாகத் துணியப்படவில்லை. மாற்றுப் பசளை போதிய அளவில் ஆயத்தமில்லை. பழக்குதற்குக் காலமும் விடவில்லை. நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போக விதைப்புப் பருவம் வந்துவிட்டது. நெல் விளைவு கடிதின் வீழ்ந்தது, தேயிலையும் குறைந்தது, அரிசிக்கு மீண்டும் பிறநாட்டை நோக்கினோம். நச்சுரம்பற்றிக் கார்சன் காலந்தொட்டு நல்லோர் சொல்லிவந்தது மெய்யே. மெய்யான அச்சத்தையும் ஆராயாது கைக்கொண்டால் கமக்காரன் வயிறே முதலில் எரியும். இங்கும் மேனாட்டுப் பேச்சாளர் பாதியே எழுதினர். பசுமைக் கொள்கை ஒரு நாட்டையே கவிழ்த்தது என்றார் பலர். 2019 இறுதியில் வரிகளைக் குறைத்தமையும், 2020இன் கொள்ளைநோயால் உல்லாசப் பிரயாணம் நின்றமையும், ஏறிக்கிடந்த வெளிநாட்டுக் கடனும் 2022 ஏப்பிரிலில் நாட்டைக் கடனிறுக்க மாட்டாத நிலைக்குக் கொணர்ந்ததை அவர் ஓரத்திலும் குறித்திலர்.

இவற்றால் மாணாக்கர் துணியவேண்டியது யாது? இலக்கண ஆசிரியன் ஒருவன் இலக்கணத்தாலேயே இதற்கு விடை கூற முயலுதல் குற்றமாகாது. வினையெச்ச வாய்பாடுகளில் ‘செயின்’ என்பதொன்று. மழை பெய்யின் குளம் நிறையும் என்புழிப் பெய்தலும் உறுதியன்று, நிறைதலும் உறுதியன்று. ஒன்று நிகழின் மற்றது நிகழும் என்னும் தொடர்பே உறுதி. எச்சரிக்கை என்பது செயின் என்னும் எச்சத்தையுடைய வாக்கியம். அவ்வெச்சத்தை நீக்கிவிடின் அது சோதிடம். ஏர்லிக் தம் நூலின் வாயிலிலேயே அவ்வெச்சத்தை நீக்கினார். எவராலும் தடுத்தல் இயலாதென்றார். ஆதலின் நிகழாமை அவர் வாக்கைப் பொய்யாக்கிற்று. செயின் வாக்கியமோ, கேட்டவர் அச்செயலை ஒழித்தமையால் விளைவு தோன்றாது போயின் பொய்யாவதில்லை. இதனை மறந்து, சொன்னது நடக்கவில்லையே என நகைப்பார்க்கு ஓசோன் கதை தக்க விடையாம். குளிரூட்டிகளிலும் தெளிகுப்பிகளிலும் இட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தைக் கரைக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் 1974இற் கூறினர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் அப்படலம் பெரிதும் மெலிவதைப் பிரித்தானிய ஆய்வாளர் கண்டு வெளியிட்டனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுதப்பட்டு, அவ்வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. இன்று அப்படலம் மெல்ல மெல்லத் தேறி வருகின்றது. அன்று அத்துணை கூச்சலிட்டார்களே, ஒன்றும் நேரவில்லையே என்று கேட்பாரும் இன்று உளர்!

காலநிலைபற்றி அறிவியலார் கூறுவதும் செயின் வாக்கியமே. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு இரட்டிப்பின் பூமி வெப்பமுறும் என்று சுவீடன் நாட்டு அரேனியஸ் 1896இலேயே கணித்தார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ள்ஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சம் பங்கு காற்றில் 315 பங்கு அவ்வாயு இருந்தது. 2024இல் 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டு இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முற்பட்ட காலத்தினும் சுமார் 1.5 பாகை வெப்பம் மிக்கதென உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. சைமனின் வாதம் இங்கே செல்லாமைக்குக் காரணம் ஒன்றுண்டு. செம்பு அருகினால் விலை ஏறும். விலை ஏறினால் மனிதன் மாற்றுத் தேடுவான். அவர் நம்பிய கருவி அவ்விலையே. ஆகாயத்துக்கு உடையவன் இல்லை. அதிற் புகை கொட்டுவோன் பெரும்பாலும் ஒரு சதமும் இறுப்பதில்லை. ஏறவேண்டிய விலையே இல்லாதவிடத்து மனித அறிவைத் தட்டி எழுப்புவது யாது? அளந்து சொல்லும் அறிவியலார் குரலொன்றே.

முழங்கிய மாணவனுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புகையைத் தலையெண்ணிப் பங்கிடுதல் பிழை. அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு பதினான்கு தொன் அளவினது. இலங்கையர் ஒருவரது ஏறத்தாழ ஒரு தொன். அவன் வீட்டில் ஐந்து பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து செய்வது அங்கே ஒருவர் செய்வதிற் பாதி. மக்கள் எண்ணிக்கைக்குக் கணக்கில் இடமே இல்லை என்று யான் சொல்லேன். நிலமும் நீரும் காடும் எல்லையுடையன. ஆயினும் எண்ணிக்கையா, நுகர்ச்சியா, தொழில்முறையா எது பெரிது என்று 1970களின் தொடக்கத்தில் ஏர்லிக்கோடு பரி கொமனர் என்னும் சூழலறிஞர் வாதாடியபோது, கொமனர் தொழில்முறைமேல் வைத்த குற்றம் காலநிலை விஷயத்தில் மிகப் பொருந்துகின்றது என்பது என் துணிபு.

நம் சாட்சிக்கு இன்னும் ஒரு வாய்மொழி உண்டு. அதனை எந்தக் கட்சியாரும் இதுவரை கேட்டிலர். 2016 செத்தெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அவ்வாண்டு முடியுமுன்னரே மன்னார்த் தீவின் கிணறுகளில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் வேறொரு நுளம்பின் புழுக்களை அலுவலர் கண்டனர். இவ்வினம் ஆற்றுக் குட்டைக்குக் காத்திராது. நீர்த்தொட்டியிலும் கட்டுக்கிணற்றிலும் வளரும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது தோன்றியது. நோய் இல்லாத நாட்டில், நோய் வரின் என்று எண்ணி, மலேரியாத் தடை இயக்கத்தார் ஊரூராகச் சென்று கிணறுகளை எட்டிப்பார்க்கின்றனர். பயன்படாதவற்றை மூடச் சொல்கின்றனர். ஏனையவற்றில் புழுத் தின்னும் சிறு மீன்களை விடுகின்றனர். எம் வீட்டுக் கிணற்றிலும் அம்மீன்கள் சில உள.